போனுக்கு இந்தப் பக்கம் நின்றவள்

தேவகிக்கு வயிறு எரிந்தது. வாய்ப்பேச்சுக்குச் சொல்கிற எரிச்சல் இல்லை. சோறு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல், கண்ணாடியில் முகம் பார்க்கும்போதுகூட பின்னால் இன்னொருத்தி நிற்பதுபோலத் தோன்றுகிற நிஜமான எரிச்சல். அதுவும் யார்மேல்? சொந்த அண்ணன் பெண்டாட்டிமேல். எட்டாம் வகுப்போடு பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழவேற்காடு மார்க்கெட்டில் நண்டு விற்கிற செவ்வந்தி அண்ணிமேல்.

முதலிலிருந்து சொன்னால்தான் இந்த அநியாயம் புரியும். தேவகி பொன்னேரியில் பி.காம். முடித்தவள். மணல்மேட்டுக்குப்பத்தில் டிகிரி வாங்கிய மூன்றாவது பெண். ஆனால் அவளுக்குக் கணக்கும் வேண்டாம், வங்கியும் வேண்டாம், நடிக்க வேண்டும். பள்ளி ஆண்டு விழாவில் அழுகிற அம்மா வேஷம் கட்டி ஹெட்மாஸ்டரையே மூக்குறிஞ்ச வைத்தவள் அவள். குப்பத்துப் பையன்கள் 'ஈரோயினி' என்று கிண்டலடிப்பார்கள். கிண்டலாவது, கிண்டிலாவது, அவளுக்கு அது காதில் தேன் பாய்கிற மாதிரிதான் இருக்கும். போன வைகாசியில் போனில் ஒரு விளம்பரம் வந்தது. மூன்று மாத ஆன்லைன் நடிப்புப் பயிற்சி, வீட்டிலிருந்தே ஆடிஷனுக்குத் தயாராகலாம், முடிவில் நேரடியாகத் தேர்வு செய்கிறவர்களிடம் உங்கள் டேப் போகும் என்று போட்டிருந்தது.

"நடிக்கறதுக்கு ஒரு பள்ளிக்கூடமா? அதுவும் செல்லுலயா? எவனோ காதுல பூ சுத்துறான்" என்று பெற்ற நைனா சுப்பராயலு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அண்ணன் குப்பன் வாயே திறக்கவில்லை. அப்போது அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"சேரட்டும் வுடு மாமா. இந்த வூட்ல அல்லாரும் டி.வி. பாக்கறமே, ஒர்த்தி டி.வி.ல வரட்டுமே. இன்னா கொறஞ்சிடப் போவுது?"

பேசியது செவ்வந்திதான். நைனா சிரித்துவிட்டார், குப்பன் பணம் கட்டிவிட்டான். பாருங்கள், எரிகிற வயிற்றுக்குள் இந்த நன்றி வேறு முள்ளாகச் சிக்கிக்கொண்டு கிடந்தது. யாரோ ஒருத்தியாக இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டித் தீர்த்துக்கொண்டிருக்கலாம்.

வகுப்பு நடத்தியவர் உலகநாதன் சார். ஐம்பதை நெருங்குகிறவர். நிறையப் படங்களில் இன்ஸ்பெக்டராக, டாக்டராக, பெண்ணைப் பெற்றவராக வந்து இரண்டு வரி பேசிவிட்டுப் போனவர். பார்த்தால் 'அட, இவரா' என்று தோன்றும், பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. ஞாயிறுதோறும் நாலு மணிக்குப் போன் திரையில் வந்து உட்காருவார். கூடவே சின்னச் சின்னக் கட்டங்களில் இருபத்து மூன்று பேர்.

முதல் மாதம் முழுக்க ஆடிஷன் டேப் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். பின்னால் வெறும் சுவர் இருக்கணும், வெளிச்சம் முகத்தில் விழணும், போன் கண் மட்டத்தில் நிற்கணும். முதலில் பெயர், ஊர், உயரம் சொல்லி, இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிக் காட்டணும். எதிர் வசனம் சொல்ல ஒருத்தர் வேண்டும். அவர் போனுக்குப் பக்கத்தில், படத்தில் விழாமல் நிற்க வேண்டும்.

"எதிர் வசனம் சொல்றவங்க நடிக்கக் கூடாது. மெதுவா, ஏத்த இறக்கம் இல்லாம சொன்னா போதும். பாக்கறவன் கண்ணும் உங்க மேல இருக்கணும், காதும் உங்க மேல இருக்கணும்" என்றார் சார்.

தேவகி கிளிப்பச்சைச் சுவரில் வெள்ளைப் போர்வையை ஆணியடித்து மாட்டினாள். மீன் வைக்கிற தெர்மாகோல் ஐஸ் பெட்டிகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் போனை நிறுத்தினாள். எதிர் வசனம் சொல்ல யார்? நைனாவுக்கு வேறு வேலை இல்லையா? அண்ணன் கடலுக்குப் போயிருப்பான், இல்லை தூங்கிக்கொண்டிருப்பான். மிச்சம் இருந்தது அண்ணி.

"நான் எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள பொழுது வுழுந்துடும் தேவகி" என்றாள் செவ்வந்தி.

"படிக்க வேணாம் அண்ணி. நான் ரெண்டு வாட்டி சொல்றேன், நீ அத அப்டியே திருப்பிச் சொல்லு. போதும்."

முதல் காட்சி இது. தங்கை வேலை தேடிப் பட்டணம் போகிறேன் என்கிறாள். அக்கா மறுக்கிறாள். அக்காவின் வசனம் தாளில் இப்படி இருந்தது: 'போவதென்றால் போ. திரும்பி வரும்போது நான் இருப்பேன் என்று மட்டும் நினைக்காதே.' தேவகி இரண்டு முறை சொல்லிக்கொடுத்தாள். செவ்வந்தி தலையாட்டினாள். படம் ஓடத் தொடங்கியது. தேவகி கண்ணில் நீர் திரள, குரல் நடுங்க, மூன்று நாள் ஒத்திகை பார்த்ததையெல்லாம் கொட்டினாள். "அக்கா, நான் போறேன் அக்கா!"

போனுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு செவ்வந்தி சொன்னாள்.

"போ. யாரு வேணான்னா. கதவ மட்டும் சாத்திட்டுப் போ, கோழி உள்ள வந்துடும்."

"ஐயோ அண்ணி! தாள்ல இருக்கறத சொல்லு!"

"மறந்து பூட்ச்சி. வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். இன்னொரு வாட்டி எடு."

இன்னொரு முறை எடுக்க நேரம் இல்லை. வகுப்பு தொடங்கிவிட்டது. தேவகி அதையே அனுப்பினாள். சார் எல்லோருக்கும் அதைப் போட்டுக் காட்டினார். கோழி உள்ளே வந்துவிடும் என்ற இடத்தில் இருபத்து மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்த அதே வேகத்தில் எல்லோர் முகமும் என்னமோ ஆகிவிட்டது. மதுரைப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"பக்கத்துல பேசினது யாரும்மா?"

"எங்க அண்ணி சார்."

"கோழி வசனம் யார் எழுதினது?"

"யாரும் எழுதல சார். தப்பா சொல்லிட்டாங்க."

"தப்பா?" என்றார் சார். இன்னொரு முறை போட்டுக் கேட்டார். தேவகியின் கண்ணீரைப் பற்றி, அந்த நடுக்கத்தைப் பற்றி, ஒரு வார்த்தை? மூச்! கடைசியில் போனால் போகிறது என்பதுபோல, "நீ கொஞ்சம் குறைச்சுக்கணும்மா, நிறைய பண்றே" என்று மட்டும் சொன்னார்.

அன்று பிடித்தது இந்த எரிச்சல். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்துதான். தேவகி மெழுகாக உருகுவாள், அழுவாள், கத்துவாள். செவ்வந்தி இந்தப் பக்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்வாள். சாருக்கு அந்த ஒரு வாக்கியம்தான் காதில் விழும். "அண்ணி நல்லா இருக்காங்களா?" என்று வகுப்பு தொடங்கும்போதே விசாரிப்பார். மாணவர்களும் 'அண்ணி, அண்ணி' என்று எழுதி இதயம் இதயமாக அனுப்புவார்கள். ஏத்த இறக்கம் இல்லாமல் சொல்லச் சொன்னவரே இவர்தானே? இப்போது அண்ணி சொன்னால் மட்டும் அது நடிப்பா? தேவகி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவள் மூன்று மாதத்தில் நன்றாக நடித்தாள் என்று சொல்லலாம்.

ஒரு முறை வேறு ஆளைப் பிடித்தாள். பழவேற்காட்டிலிருந்து கல்லூரித் தோழி நஸ்ரியாவை வரவழைத்து எதிர் வசனம் சொல்ல வைத்தாள். நஸ்ரியா செய்தி வாசிக்கிறவள்போலத் தெளிவாகச் சொன்னாள். சார் முழுவதும் கேட்டுவிட்டு, "இன்னைக்கு அண்ணி ஊர்ல இல்லையா?" என்றார். போதுமா?

பன்னிரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலையில், சாரிடமிருந்து குரல் செய்தி வந்தது. தேவகி வாசல் படியில் உட்கார்ந்து காதில் வைத்துக் கேட்டாள்.

"தேவகி, நல்ல சேதிம்மா. எனக்குத் தெரிஞ்ச ஒரு டைரக்டர் மீனவர் குப்பத்துல நடக்கற ஒரு தொடர் எடுக்கறாரு. அதுல கதாநாயகிக்கு அக்கா ஒருத்தி வர்றா, மார்க்கெட்ல மீன் விக்கறவ. நல்ல வேஷம். உன் டேப்ல உங்க அண்ணி பேசறத போட்டுக் காட்டினேன். மனுஷன், அவங்க முகத்தைப் பாக்கணும்னு ஒரே பிடியா நிக்கறாரு. அண்ணியை நிக்க வச்சு ஒரு நிமிஷம் எடுத்து அனுப்பு. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு லிஸ்ட் போயிடும். நீயும் வேணும்னா உன்னோடத அனுப்பு."

'நீயும் வேணும்னா.' தேவகி அந்த இடத்தை நாலு முறை கேட்டாள். கல்யாண வீட்டில் இலை போட்ட பிறகு, 'நீயும் வேணும்னா ஒக்காரு' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

உள்ளே செவ்வந்தி வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். கொடுக்கை மடக்கி, நூலை விலக்கி, ஒன்றொன்றாகக் கூடையில் போட்டாள். "யாரு தேவகி, சாரா? இன்னா சொல்றாரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. வீட்டுப் பாடம் குடுத்துக்கீறாரு" என்றாள் தேவகி. சொல்லிக்கொண்டே அந்தச் செய்தியை அழித்தாள்.

அழித்துவிட்டு அவள் மனசுக்கு நியாயம் சொல்லிக்கொண்டாள். வக்கீல் தோற்றுப்போவான். அவர்கள் மீன் பிடிக்கிற பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எறால் நல்லா படுகிற இடங்களைக் குடும்பங்களுக்குள் சீட்டுப் போட்டு, நாள் பிரித்துக்கொள்வார்கள். உன் பாடு நாளில் அந்த இடம் உன்னுடையது. நீ வெறும் வலையோடு திரும்பினாலும் சரி, வேறு எவனும் அங்கே வலை இறக்கக் கூடாது. இறக்கினால் வலையைப் பிடுங்கிக் கோயில் வாசலில் போட்டுப் பஞ்சாயத்து வைப்பார்கள். பெற்ற அப்பன் என்றாலும் விட மாட்டார்கள். அப்படிப் பார்த்தால் இந்த வகுப்பு யாருடைய பாடு? விளம்பரத்தைப் பார்த்தது யார்? பேர் கொடுத்தது யார்? போர்வைக்கு ஆணியடித்தது யார்? அவள் பாடு நாளில் அண்ணி வலை இறக்கிவிட்டாள். தெரிந்து செய்தாளோ தெரியாமல் செய்தாளோ, இறக்கினது இறக்கினதுதானே? பட்டது தேவகிக்குத்தான் சேரணும். இதுதான் அவள் எடுத்த முடிவு.

சரி, டைரக்டருக்கு அண்ணி மாதிரி ஒருத்திதானே வேண்டும்? கொடுத்துவிட்டால் போயிற்று. புதன்கிழமையிலிருந்து தேவகி அண்ணியைப் பார்க்க ஆரம்பித்தாள். ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் இப்படிப் பார்த்ததில்லை. கேள்வி கேட்டால் செவ்வந்தி உடனே பதில் சொல்வதில்லை, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். யாராவது விலையைக் குறைத்துக் கேட்டால் கேட்டவர் முகத்தைப் பார்க்காமல் நண்டைப் பார்த்தே பேசுவாள். நேற்றுப் பிடித்ததை இன்று பிடித்தது என்று பொய் சொல்லும்போது மட்டும் இடது முழங்கையைச் சொறிவாள். மார்க்கெட்டுக்கும் கூடவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

"இன்னாடி இது அதிசயமா கீது? அண்ணிக்கு ஒத்தாசையா வந்துக்கீறா?" என்று பக்கத்துக் கூடைக்காரி லோகநாயகி கேட்டாள்.

"என் நாத்தனாரு தங்கம்" என்றாள் செவ்வந்தி. அவள் கை முழங்கைக்குப் போகவில்லை, நிஜமாகத்தான் சொன்னாள். தேவகிக்கு அங்கேயே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் ஓடவில்லை. 'தங்கம்' என்று சொல்லும்போது அண்ணி தலையைச் சாய்த்த விதத்தையும் சேர்த்து மனசில் வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை செவ்வந்தி மார்க்கெட்டுக்குப் போனதும் தேவகி கதவைத் தாழிட்டாள். அண்ணியின் நீலப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அண்ணியைப்போலக் கொண்டை போட்டாள். எதிர் வசனம் சொல்ல ஆளில்லை, அதனால் இடைவெளி விட்டுப் பேசினாள். பதினான்கு முறை எடுத்தாள். பதினான்காவதைப் போட்டுப் பார்த்தபோது அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. அச்சு அசல் செவ்வந்தி. முந்தானை செருகல், இறங்குகிற குரல், நண்டைப் பார்க்கிற கண், எல்லாம் இருந்தது. அழுகை இல்லை, நடுக்கம் இல்லை. 'இப்போ சொல்லட்டும் பார்க்கலாம், நிறைய பண்றேன்னு' என்று சொல்லிக்கொண்டு அதை அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வழக்கம்போல ஐஸ் பெட்டிகள் அடுக்கப்பட்டன. செவ்வந்தி வழக்கமான இடத்தில், போனுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். கடைசி வாரம் என்பதால் ஒவ்வொருத்தராகப் பேசிக்கொண்டு வந்தார் சார். தேவகியின் முறை வந்தபோது மணி நாலரை.

"தேவகி நேத்து ஒரு டேப் அனுப்பியிருக்கா. எல்லாரும் பாருங்க" என்றார்.

வகுப்பில் போட்டுக் காட்டுவார் என்று தேவகி நினைக்கவே இல்லை. திரை முழுக்க நீலப் புடவை விரிந்தது. செவ்வந்தி எட்டிப் பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது, "அய்யே, என் புடவ" என்று முணுமுணுத்தாள். திரையில் தேவகி முந்தானையைச் செருகினாள். செவ்வந்தியின் கை தன் இடுப்புக்குப் போய் அப்படியே நின்றது. சிரிப்பு மெல்லக் கழன்றது. அதன் பிறகு அவள் இமைக்காமல் பார்த்தாள்.

"இந்த மூணு மாசத்துல நீ பண்ணினதுலயே இதுதான் ஒழுங்கா இருக்கு" என்றார் சார். தேவகிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் சார் நிறுத்தவில்லை. "ஆனா இது நீ இல்லம்மா. ஒருத்தரை நல்லா பாத்திருக்கே, அப்படியே எடுத்து வச்சிருக்கே. டைரக்டரும் பாத்துட்டாரு. அவர் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், இவ்வளவு நல்ல நகல் கிடைச்சா அசல் எப்படி இருக்கும், அவங்க டேப் எங்கேன்னு. செவ்வாய்க்கிழமை உங்க அண்ணியைத்தானே நான் கேட்டேன்? அவங்ககிட்ட சொன்னியா இல்லையா?"

இருபத்து மூன்று கட்டங்களும் தேவகியைப் பார்த்தன. பக்கத்தில் செவ்வந்தி நிற்கிறாள், திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. பிறகு நீலப் பூப்போட்ட ஒரு முந்தானை அவள் தோளை உரசிக்கொண்டு முன்னால் வந்தது. செவ்வந்தி போனுக்கு நேரே குனிந்தாள்.

"வணக்கம் சார். சொல்லிச்சு சார். செவ்வாக்கெழமயே சொல்லிச்சு. நாந்தான் ஆவாதுன்னுட்டேன்."

சார் நாற்காலியில் முன்னால் வந்து உட்கார்ந்தார். "ஏம்மா? நல்ல வாய்ப்பாச்சே."

செவ்வந்தி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எங்க ஏரில பாடுனு ஒண்ணு கீது சார். சீட்டு போட்டு நாள் பிரிச்சிக்குவோம். அன்னிக்கி அவுங்க எடத்துல வேற ஆளு வல எறக்க மாட்டோம். இது எங்க தேவகியோட பாடு சார். அதுல வந்து நான் எறக்குனா நல்லாவா இருக்கும்? அது என்னப் போவணும் போவணும்னுதான் சார் சொல்லிச்சு, 'போ அண்ணி, போ அண்ணி'னு ஒரே தொல்ல. நாந்தான் போடி, எனக்கு நண்டு விக்கற வேல கீதுன்னுட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். வெட்கப்பட்டாற்போல, கொஞ்சம் அலுத்துக்கொண்டாற்போல ஒரு சிரிப்பு.

கை முழங்கைக்குப் போகவே இல்லை. தேவகி பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்கே ஒரு நிமிஷம், நாம் நிஜமாகவே 'போ அண்ணி' என்று கெஞ்சினோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மதுரைப் பெண் மூக்கை உறிஞ்சினாள். இதயங்கள் வரிசையாக மேலே ஏறின.

இன்னா நடிப்புடா சாமி! தேவகிக்கு நன்றி வந்திருக்க வேண்டும். காலில் விழுந்திருக்க வேண்டும். வந்ததோ உச்சந்தலைக்கு ஏறுகிற எரிச்சல். ஒத்திகை இல்லை, தாள் இல்லை, புடவை மாற்றவில்லை, நின்ற இடத்தில் நின்றபடி இத்தனை பேரை அழவைத்துவிட்டாளே! நடிப்பும் அவளுக்கு, டைரக்டரும் அவளுக்கு, இப்போது விட்டுக்கொடுத்த மகராசி என்கிற பேரும் அவளுக்கா? அப்படியென்றால் தேவகிக்கு என்னதான் மிச்சம்? ஆயுசு முழுக்க இவள் போட்ட பிச்சையில் நல்ல பெண்ணாக இருந்துவிட்டுப் போவதா? முடியாது. இதையும் அவளுக்கு விடவே முடியாது.

"பொய்யி சார்!" தேவகி கத்தினாள். செவ்வந்தி திடுக்கிட்டுத் திரும்பினாள். "அண்ணி பொய் சொல்லுது. நான் சொல்லவே இல்ல. உங்க மெசேஜ கேட்டுட்டு அழிச்சிட்டேன். அண்ணிக்கு ஒண்ணுமே தெரியாது. இப்போ நீங்க சொல்லித்தான் தெரியும்."

"தேவகி, சும்மா இரு" என்றாள் செவ்வந்தி தாழ்ந்த குரலில்.

"நீ சும்மா இரு அண்ணி! இது என் பாடு இல்ல சார். அவுங்க குரலத்தான் நீங்க கேட்டீங்க. அவுங்களத்தான் கூப்ட்டீங்க. நான்தான் நடுவுல பூந்து அமுக்கிட்டேன்."

இதயங்கள் நின்றுவிட்டன. சார் தேவகியை வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று அந்தச் சின்னத் திரையில் தெரியவில்லை.

"மணி நாலு அம்பது" என்றார் கடைசியில். "ஆறு மணிக்கு லிஸ்ட் போகுது. அஞ்சரைக்குள்ள அந்த அம்மாவோட டேப் எனக்கு வரணும், அவங்களுக்கு விருப்பம் இருந்தா. க்ளாஸை விட்டு வெளியே போய் அந்த வேலையைப் பாரு." திரை அணைந்தது.

கூரைத் தகரத்தில் ஏதோ பறவை நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தேவகி அடி விழும் என்று காத்திருந்தாள். விழுந்தால் நல்லது என்றும் இருந்தது.

"செவ்வாக்கெழமயா?" என்றாள் செவ்வந்தி.

"ம்."

"வீட்டுப் பாடம் குடுத்துக்கீறாருன்னியே, அன்னிக்கா?"

"ம்."

"மார்க்கெட்டுக்கு வந்து பக்கத்துல குந்திக்கினியே. ஒத்தாசைக்குனு நெனச்சி ஊரெல்லாம் பீத்திக்கினேன். என்னப் பாத்து எழுதிக்கவா வந்த?"

செவ்வந்தியின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"சாருகிட்ட சொன்னது உனக்காகனு நெனச்சிக்காத. எங்க வூட்டுப் பொண்ணு இப்டினு அத்தினி பேரு முன்னாடி தெரிஞ்சா எனக்கு மானம் பூடும், அதான் வாய்க்கு வந்தத சொன்னேன். ஒண்ணு கேக்கறேன். ஒரு வார்த்த என்னக் கேட்டியாடி நீ? 'அண்ணி, உனக்கு ஆச கீதா'னு? நண்டு விக்கறவளுக்கு இன்னா ஆச இருக்கப் போவுதுனு நீயே முடிவு பண்ணிக்கினியா?"

"அண்ணி..."

"நான் படத்துல வுழ மாட்டேன்னு எனக்குத் தெரியும். நீதான மொத நாளே சொன்ன, செல்லுக்கு இந்தப் பக்கமா நில்லு, தெரியாம நில்லுனு. தெரிஞ்சிதான் நின்னேன். ஆனாலும் இத்தினி வாரமும் மூஞ்சி கழுவி, பவுடர் பூசி, பொட்டு மாத்தி வெச்சிக்கினுதான்டி வந்து நின்னேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என் மூஞ்சப் பாத்தியா நீ?"

தேவகி நிமிர்ந்தாள். நாலு நாள் ராப்பகலாகப் பார்த்தாளே. முந்தானையைப் பார்த்தாள், முழங்கையைப் பார்த்தாள், குரல் இறங்குவதைப் பார்த்தாள். எதையும் விடவில்லை என்று மார் தட்டிக்கொண்டாளே. இப்போதுதான் பார்த்தாள். அண்ணியின் நெற்றி ஓரத்தில், முடி தொடங்குகிற இடத்தில், வேர்வையில் பவுடர் திட்டுத் திட்டாக நின்றது. புதுப் பொட்டு, நடுவில் இல்லாமல் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கி ஒட்டியிருந்தது. கண்ணாடி பார்க்காமல் அவசரமாக வைத்துக்கொண்ட பொட்டு.

அவளுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது செவ்வந்தி அங்கே இல்லை. வெள்ளைப் போர்வைக்கு முன்னால் போய் நின்றிருந்தாள். கைகள் இரண்டும் தொங்கின, எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"மணி இன்னா?" என்று கேட்டாள்.

"அஞ்சு ஆச்சி அண்ணி."

"அப்ப எடு. உங்கண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். உன் மேல எனக்குக் கோவம் போவலடி, இப்போதைக்குப் போவவும் போவாது. ஆனா இத நான் வுட மாட்டேன்."

தேவகி போனைத் திருப்பி வைத்தாள். பெட்டியிலிருந்து ஒரு விரல்கடை உயர்த்தினால்தான் அண்ணியின் கண் மட்டத்துக்குச் சரியாக வரும். அடியில் ஒரு நோட்டைச் செருகினாள். கிட்டே போய் அண்ணியின் பொட்டை நெற்றி நடுவுக்கு நகர்த்தி வைத்தாள். செவ்வந்தி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, தேவகியைப் பார்க்கவும் இல்லை.

திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். அதில் அண்ணி ஒன்றுமே செய்யாமல், பேசாமல், சும்மா நின்றாள். அதுவே நன்றாக இருந்தது. தேவகிக்கு வயிறு எரியாமல் இல்லை. எரிய எரியத்தான் பொத்தானை அமுக்கினாள்.